மேற்காற்று காத்திருக்காது

கொள்ளுப்பிட்டி தாண்டியதும்
கடல் ஜன்னலுக்கு வந்துவிடுகிறது.
ஆறு நாற்பது கோச்சி. ஊர் முழுக்கக் கோட்டைக்கு வருகிற நேரம்
நான் எதிர்த்திசையில் இரத்மலானைக்கு, இருக்க இடமும் கிடைத்து.
வலக்கையை வெளியே நீட்டுகிறேன்,
உள்ளங்கை தண்டவாளத்தைப் பார்க்க.
ஒன்றுமில்லை. காற்று விரல்களைச் சீவிக்கொண்டு போகிறது.
பெருவிரல் பக்கத்தை ஒரு நெல்லளவு உயர்த்துகிறேன்.
யாருடையதோ போல
எழும்புகிறது கை.

"அத எலியட்ட தான்ன எபா" என்கிறார்
எதிரே மடியில் பாணோடு இருக்கிற அம்மையார்.
சரி என்று தலையாட்டுகிறேன்.
கையை எடுக்கவில்லை.

பம்பலப்பிட்டி.
இங்கேதான், மூன்றாம் மாடித் தகரத்துக்குக் கீழே,
ரியூசனில் இருநூறு பேரோடு ஒரு பொய்யை எழுதிக்கொண்டேன்:
சிறகின் முன்விளிம்பில் பிரிகிற இரண்டு காற்றுத் துணுக்குகளும்
பின்விளிம்பில் ஒன்றாய்ச் சேரவேண்டும்;
மேலே பாதை நீளம்;
ஆகவே மேற்காற்று ஓடுகிறது.
அந்த ஆகவேக்கு இரண்டு புள்ளி.
பக்கத்து வாங்கில் ஃபஸ்மினாவும் அதையே எழுதினாள்.
அவளுக்கும் இரண்டு.

ஏன் சேரவேண்டும்?
யார் யாருக்குக் கொடுத்த வாக்கு?

பிறகொரு நாள் காற்றுச் சுரங்கத்தில்
துண்டு துண்டாய்ப் புகை விட்டுக் காட்டினார்கள்.
மேலே போன துண்டு முந்திவிட்டது,
நீண்ட வழியில் போயும்.
கீழே போனது பின்விளிம்புக்கு வந்தபோது
அங்கே எவருமில்லை.
அவை அதன்பின் சந்திக்கவேயில்லை.
சிறகு அதற்காக விழவுமில்லை.

(ஃபஸ்மினா இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது.
இதை உவமையாக்க வேண்டாம்.)

நடப்பது வேறு.
சிறகின் முதுகு வளைகிற பக்கம் காற்றும் வளைகிறது.
வளைய ஒரு விலை உண்டு:
முதுகை ஒட்டிய இடத்தில் அமுக்கம் குறையவேண்டும்.
அந்தக் குறைவுக்குள் விழுந்தடித்து வருவதால்தான் வேகம்.
யாரையும் பிடிக்க அல்ல.
கடைசியில் எல்லாக் காற்றும்
வந்ததைவிடச் சற்றுக் கீழ்நோக்கித் திரும்பிப் போகிறது.
கீழே தள்ளப்பட்டது மேலே தள்ளும்.
உயர்த்துவிசை என்று பெயர் வைத்து
கொப்பியில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டோம்.
கீழ்நோக்கிய அம்பை யாருமே போடவில்லை.

காலிமுகத்திடல் பட்டத்துக்கு
மேலும் கீழும் ஒரே கடதாசி, ஒரே நீளம்.
எந்தப் பட்டமும் இதை யோசித்துப்
புல்லில் இருந்துவிட்டதில்லை.

வெள்ளவத்தையில் எனக்குப் பேராசை.
இன்னும் சரிக்கிறேன். இன்னும் எழும்புகிறது.
இன்னும் கொஞ்சம்.
மணிக்கட்டில் ஒரு நடுக்கம்,
காற்று முதுகை விட்டுக் கழன்றுபோகிறது
ஈரச் சுவரிலிருந்து சுவரொட்டி கழல்வதுபோல,
கை விழுகிறது.
முழங்கை கம்பியில் அடிபடுகிறது.
அம்மையார் எதுவும் சொல்லவில்லை.
பாணின் முனையைப் பிய்த்து வாயில் போட்டபடி
கடலைப் பார்க்கிறார்.

தெஹிவளைக்கு மேலே ஒரு சின்ன விமானம்.
அதன் இடது சிறகில்தான் நேற்று
ஆணி ஆணியாய்த் தட்டிக் காதுகொடுத்தேன்.
ஆள், எண்ணெய் எல்லாமாய் எண்ணூறு கிலோ.
அந்தப் பாரம் எங்கேயும் கரைந்துவிடவில்லை.
சிறகு காற்றிடம் கொடுத்தது,
காற்று கீழிருக்கும் காற்றிடம்,
அது கொண்டுவந்து இறக்கிவைக்கிறது
அலையில், சிலிப்பர்க் கட்டையில்,
தகரத்தில் காயும் சாரத்தில், இந்தக் கோச்சியின் கூரையில்,
ஒருவருக்கும் உறைக்காத அளவாகப் பிரித்து.

ஆளுக்கு ஏழெட்டுக் கடுகின் எடை வரும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அம்மையார் கையை உயர்த்திக்
கொண்டையை ஒருதரம் அழுத்திச் சரிசெய்கிறார்.